பெட்டிக்குத் திரும்பிய புத்தகங்கள்

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் சங்க நூலகத்திலிருந்து ஒரு தகரப் பெட்டி வெளியே கிளம்பும். அதில் இருப்பவை குழந்தைகளுக்கான தமிழ்ப் புத்தகங்கள். தில்லி வெயில் கொஞ்சம் இறங்கிய பிறகு, சனி ஞாயிறு மாலைகளில், ஏதாவது ஒரு குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் அதைத் திறந்து வைப்போம். பிள்ளைகள் வருவார்கள், எடுத்துப் போவார்கள், ஜூன் கடைசியில் திருப்பித் தருவார்கள். இதற்குக் 'கோடை வாசிப்பு முகாம்' என்று பெயர். அந்தப் பெட்டிக்குப் பல கோடைகள் பொறுப்பாளனாக இருந்தவன் என்கிற ஒரே தகுதியை வைத்துக்கொண்டுதான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். இலக்கியத்தை ஆராயத் தெரிந்தவர்கள் இம்மலரிலேயே வேறு பக்கங்களில் இருக்கிறார்கள். பெட்டியில் எது படிக்கப்பட்டது, எது போன மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது என்பது எனக்குத் தெரியும். என் விமரிசனத்துக்கு ஆதாரம் அதுதான்.

ஒரு கோடையில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், எடுத்துப் போன மறுநாளே புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

"படிச்சு முடிச்சிட்டியாப்பா?"

"நாலு பக்கம் படிச்சேன் அங்கிள்."

"அப்புறம் என்ன?"

"இதுல எல்லாரும் நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசறாங்க. அந்தப் பையன் அவங்க அம்மாகிட்டகூட நியூஸ் மாதிரிதான் பேசறான்."

சிரித்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். இரவு வீட்டில் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். பையன் சொன்னது சரி. பத்து வயதுச் சிறுவன் பசிக்கிறது என்று தாயிடம் சொல்ல வேண்டிய இடத்தில், அரசவைப் புலவன் விண்ணப்பம் வைப்பதுபோல் ஒரு முழு வாக்கியம் பேசினான். தாயும் சளைக்காமல் அதே தோரணையில் பதில் சொன்னாள். நான் சிறுவனாக இருந்தபோது இம்மாதிரிப் புத்தகங்களைத்தான் படித்தேன். எனக்கு அது உறுத்தியதே இல்லை. ஏன் உறுத்தவில்லை என்று யோசிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரையின் தொடக்கம்.

எனக்கு உறுத்தாததற்குக் காரணம் எளிது. நான் படித்த பள்ளிக்கூடம் தமிழ். கடைப் பலகை தமிழ். பேருந்தின் நெற்றியில் தமிழ். கோயில் சுவரில், சினிமாப் போஸ்டரில், மளிகை மடித்துக் கொடுத்த தாளில் எல்லாம் தமிழ். பேசுகிற தமிழ் ஒன்று, எழுதுகிற தமிழ் வேறு என்பதை யாரும் சொல்லித்தராமலே ஐந்து வயதில் அறிந்துகொண்டேன். நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வீட்டில் அம்மா, பாட்டி பேசும் தமிழ் மட்டும்தான் அவர்களுக்குத் தமிழ். தலைநகரில் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இருக்கின்றன, அங்கே படிக்கிற பிள்ளைகளின் நிலை வேறு. மற்ற பள்ளிகளுக்குப் போகிற பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு எழுத்து என்றால் இந்தியும் ஆங்கிலமும்தான். தமிழ் அவர்களுக்குக் காதால் வந்த மொழி. அதை ஒருநாள் கண்ணுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறோம். அது வேறு யாரோ பேசுகிற மொழியாக அவர்களுக்குத் தோன்றுகிறது.

கோடை வாசிப்பு என்பது நாம் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் போன்ற நகரங்களின் பொது நூலகங்கள் 1890களிலேயே விடுமுறைக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளை நூலகத்துக்கு இழுக்கும் திட்டங்களைத் தொடங்கிவிட்டன. பிரிட்டனில் 1999 முதல் ஆண்டுதோறும் 'சம்மர் ரீடிங் சாலஞ்ச்' நடக்கிறது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளை தனக்குப் பிடித்த ஆறு புத்தகங்களை விடுமுறைக்குள் படித்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கெல்லாம் பின்னால் ஒரு கவலை இருந்தது. நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் படித்ததை மறந்துவிடுகிறார்கள், அதிலும் வீட்டில் புத்தகம் இல்லாத ஏழைப் பிள்ளைகள் அதிகம் பின்தங்குகிறார்கள் என்பதுதான் அது. ஹாரிஸ் கூப்பரும் அவருடன் இருந்தவர்களும் 1996-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குச் சரிவு ஏற்படுகிறது என்றார்கள். சரிவு அத்தனை இருக்குமா என்று பின்னால் வந்தவர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். நம் நிலைமை அதற்கு நேர் தலைகீழ். விடுமுறையில் மறந்துபோவதற்குப் பள்ளியில் தமிழ் கற்றிருந்தால்தானே? நம் பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் தமிழெழுத்துக்கு விடுமுறை. கோடையில்தான் அது திறக்கிறது. ஐந்தாறு வாரம் திறந்திருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் வைக்கிறோம் என்பது சின்ன விஷயமல்ல.

நாம் என்ன வைக்கிறோம்? மனம் திறந்து சொன்னால், போட்டி வைக்கிறோம். குறள் ஒப்புவித்தல் போட்டி, பேச்சுப் போட்டி, மாறுவேடம், கையெழுத்து. பெற்றோர் கைதட்டப் படம் எடுக்கிறோம். முகாமின் கடைசி நாள் அழைப்பிதழில் 'வாசிப்பு' என்ற சொல் தலைப்பில் மட்டும் இருக்கும். குறளைத் தலைகீழாக ஒப்பிக்கும் பெண்ணிடம், அதே நூலைத் திறந்து வேறொரு பக்கத்தைப் படி என்றால் எழுத்துக் கூட்டத் திணறும். இந்தியில் எழுதிவைத்து மனப்பாடம் செய்த குறளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தையைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவளிடம் நாம் கேட்டது ஒலியைத்தான், அதை ஒழுங்காகவே தந்துவிட்டாள்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். ஒரு வருஷம் சுவரில் பெரிய அட்டை ஒட்டி, ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரே, படித்த புத்தகத்துக்கு ஒன்று வீதம் தங்க நிற நட்சத்திரம் ஒட்டினேன். அதிக நட்சத்திரத்துக்குப் பரிசு. பெட்டி அந்த வருஷம் காலியானது போல் எப்போதும் காலியானதில்லை. செயற்குழுவில் பெருமையாகச் சொன்னேன். முதல் பரிசு வாங்கிய சிறுமியிடம், "எந்தக் கதை ரொம்பப் பிடிச்சுதும்மா?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, "எல்லாத்துலயும் படம் நல்லா இருந்தது அங்கிள், நான் பதினாறு பக்கப் புக்காப் பார்த்து எடுத்தேன்" என்றாள். பொய் சொல்லத் தெரியாத குழந்தை. அடுத்த ஆண்டு அட்டையை எடுத்துவிட்டேன். அவளும் வருவதை நிறுத்திவிட்டாள்.

பிற்பாடுதான் தெரிந்தது, இதை 1973-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள் என்று. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் நற்சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்கு எதுவும் சொல்லவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள், ஓய்வு நேரத்தில் தாமாகப் பேனாவைத் தொட்டது மற்றவர்களில் ஏறக்குறையப் பாதி அளவுதான். ஆசையாகச் செய்ததைக் கூலிக்குச் செய்யும் வேலையாக்கினால் கூலி நின்றதும் வேலையும் நிற்கிறது. நம்மூர்ப் பாட்டிகளுக்குத் தெரியாத விஷயமில்லை இது. ஆனாலும் பரிசு கொடுக்காமல் முகாம் நடத்தினால் கூட்டம் வராது என்று செயற்குழுவில் சொல்வார்கள். வராதுதான்.

போட்டியை விடுங்கள், புத்தகத்துக்கு வருவோம். பெட்டியில் இருக்கும் புத்தகங்களுக்கும் நம் பிள்ளைக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் விமரிசனம் செய்ய முடியும்.

முதலில் எழுத்து. இந்தியில் க வரிசையில் நான்கு ஒலிக்கு நான்கு எழுத்து. தமிழில் ஒரே எழுத்து. இடத்தைப் பார்த்து ஒலி மாறும் என்று நாம் சொல்லித்தருகிறோம், மெல்லெழுத்தை அடுத்து வந்தால் இப்படி, இரட்டித்தால் அப்படி என்று. ஆனால் 'கம்பளி'யும் 'கம்பீர'மும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. இரண்டிலும் முதல் எழுத்தின் ஒலி வேறு. இதை எந்த விதியும் பிள்ளைக்குச் சொல்லாது. அந்தச் சொல்லை முன்பே காதால் கேட்டிருந்தால்தான் சரியாகப் படிக்க முடியும். இதிலிருந்து கிடைக்கிற முடிவை நம் பாடநூல் ஆசிரியர்களும் குழந்தை எழுத்தாளர்களும் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை: தமிழில் தெரிந்த சொல்லைப் படிப்பது எளிது, தெரியாத சொல்லைப் படிப்பது இரண்டு மடங்கு கடினம். பொருளும் தெரியாது, ஒலியும் நிச்சயமில்லை. 'தம்பி', 'பாம்பு', 'தங்கம்' என்பதை நம் வீட்டுப் பிள்ளை எழுத்துக் கூட்டும்போதே சட்டென்று பிடித்துக்கொள்ளும். முகத்தில் ஒரு சிரிப்பு வரும், 'அட, இதுவா!' என்று. அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்த வேலையையே செய்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது நம் சிறுவர் கதைகளைத் திறந்து பாருங்கள். 'சொன்னான்', 'கேட்டான்' என்ற இரண்டு சொல் போதும் என்கிற இடத்தில் கூறினான், உரைத்தான், மொழிந்தான், வினவினான், பகர்ந்தான் என்று ஐந்தாறு வரும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு அது நயம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வருகிற சொல்தான் ஊன்றுகோல். ஒரு பக்கத்தில் 'சொன்னான்' பத்து முறை வந்தால், பத்தாவது முறை எழுத்துக் கூட்டாமல் படிப்பான். நாம் நயத்துக்காக அந்த ஊன்றுகோலைத் தட்டிவிடுகிறோம்.

அடுத்தது வயது. என் அனுபவத்தில் பெரிய சிக்கல் இதுதான், இதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. பன்னிரண்டு வயதுப் பையன் ஆங்கிலத்தில் ஹாரி பாட்டர் முழு வரிசையும் முடித்துவிட்டான். தமிழில் அவன் வாசிப்பு ஆறு வயதுக் குழந்தையின் வாசிப்பு. அவனுக்கு என்ன கொடுப்பது? பெரிய எழுத்தில் காக்கா வடை கதையைக் கொடுத்தால் வாங்கவே கூச்சப்படுகிறான், தங்கைக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டவனும் உண்டு. அவன் வயசுக்கு ஏற்ற கதையைக் கொடுத்தால் நாலாவது பக்கத்தில் நின்றுபோகிறான். எழுத்து எளிதாகவும் விஷயம் பெரிதாகவும் உள்ள புத்தகம் வேண்டும். ஆங்கிலத்தில் வாசிப்பில் பின்தங்கிய பெரிய பிள்ளைகளுக்கென்றே அப்படி எழுதுகிறார்கள். தமிழில் அந்த வகையே இல்லை என்று சொல்லலாம். தமிழ்நாட்டுக்குள் அதற்குத் தேவை குறைவு என்றே இதுவரை நினைத்திருப்பார்கள். தேவை நமக்கு. நாமோ கேட்டதே இல்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பெட்டிக்குள் இருப்பதைப் பார்ப்போம்.

அழ. வள்ளியப்பா (1922–1989) பாடல்கள் இன்றும் நிற்கின்றன. அவரைக் குழந்தைக் கவிஞர் என்று புகழ்ந்து நிறுத்திக்கொள்கிறோம், ஏன் நிற்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. இந்தியன் வங்கியில் பணியாற்றிக்கொண்டே எழுதிய அவர், குழந்தையின் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொற்களை எடுத்துத் தாளத்தில் வைத்தார். தாளம் வந்தவுடன் ஒலி தானாகச் சரியாக விழுகிறது. நான் மேலே சொன்ன கம்பளி–கம்பீரச் சிக்கலைப் பாட்டு தீர்த்துவிடுகிறது. முதலில் பாடிக் காட்டிவிட்டு, பிறகு அதே பாட்டை அச்சில் காட்டினால், பிள்ளைக்கு அது படிப்பாகவே தோன்றாது. தில்லியில் வளர்ந்த ஐந்து வயதுக் குழந்தைக்கு இவரைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஆனால் ஏழெட்டு வயதுக்கு மேல் பாட்டு மட்டும் போதாது, கதை வேண்டும். அங்கேதான் பெட்டி கைவிடுகிறது.

அம்புலிமாமாவைப் பற்றிப் பேசினால் நம் தலைமுறைக்குக் கண் பனிக்கும். 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை, 2010களின் முற்பகுதியில் நின்றுபோனது. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து போகும் சங்கரின் ஓவியத்தை யார் மறக்க முடியும்? ஆனால் பழைய இதழ்களை இன்றைய பிள்ளையிடம் கொடுத்துப் பார்த்தேன். படம் பார்ப்பார்கள். கதை நகராது. ஒவ்வொரு வரியும் நிதானமாக, செம்மையாக, ஒரே சுருதியில் இருக்கும். அரசன் பேசினாலும் விறகுவெட்டி பேசினாலும் ஒரே தமிழ். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னால் மட்டும், அதே கதைக்குப் பிள்ளைகள் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கிறார்கள். குறிப்பாக வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டால், பதில் சொல்ல அடித்துக்கொள்வார்கள். ஆக அம்புலிமாமாவை வாசித்துக் காட்டும் புத்தகமாக வைத்துக்கொள்ள வேண்டும். தானே படித்துக்கொள் என்று பிள்ளை கையில் திணித்தால் அது நம் ஏக்கத்தை அவன் தலையில் ஏற்றுவதாகும்.

மாஸ்கோவிலிருந்து வந்து நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலம் கிடைத்த சோவியத் சிறுவர் நூல்கள் சில, பெட்டியின் அடியில் இன்னும் இருக்கின்றன. தாளும் படமும் இன்றைக்கும் பிரமாதம். 1991-க்குப் பிறகு அந்த வரத்து நின்றது. மொழிபெயர்ப்பு இறுக்கமாக இருந்தும் பிள்ளைகள் அவற்றை எடுப்பதற்குக் காரணம் படம்தான். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை மலிவு, நம்மூரிலேயே கிடைக்கும். அதில் தமிழில் நேராக எழுதப்பட்டவையும் உண்டு, வள்ளியப்பாவே எழுதியிருக்கிறார். மற்ற பலவற்றில் ஒரு விசித்திரம். ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதப்பட்டுத் தமிழுக்கு வருகையில், மொழிபெயர்ப்பாளர் மூலத்துக்கு விசுவாசமாக இருந்து குழந்தையை மறந்துவிடுகிறார். இந்தி மூலத்தை நம் பிள்ளையே படித்துவிடுவான். "இதையே ஹிந்தில படிச்சா ஈசியா இருக்கு அங்கிள்" என்று ஒருத்தி சொன்னபோது என்னிடம் பதில் இல்லை.

சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகாவின் இருமொழிப் படப் புத்தகங்கள் நம்மைப் போன்றவர்களுக்கென்றே செய்தது போல் இருக்கும். ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும். ஆனால் இதிலும் எனக்கு ஒரு மனக்குறை. கண் தானாக ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது. தமிழ் அங்கே ஓர் அலங்காரமாகிவிடுகிறது. ஆங்கில வரியை ஒரு கெட்டித்தாளால் மூடி வைத்துக் கொடுத்தேன். மூடியதைத் திறந்து பார்க்கும் ஆசையிலேயே பிள்ளைகள் தமிழை முதலில் முடித்தார்கள். இதைப் பதிப்பாளர்கள் மேல் சொல்லும் குறையாக நினைக்க வேண்டாம், அவர்களுடைய படங்களும் கதைகளும் உயர்ந்த தரம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாசிப்புத் திறனை வைத்து நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். அச்செடுத்து, நடுவில் இரண்டு தையல் போட்டுப் பெட்டியில் வைத்தேன். முதல் நிலைக் கதைகளில் 'தெரிந்த சொல், திரும்ப வரும் சொல்' என்ற இலக்கணம் பல இடங்களில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கமும், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகச் சிறு நூல்களை வெளியிட்டது. பெயர் வைத்தவரைப் பாராட்ட வேண்டும், முதல் படிக்கே தெரிந்த சொல்தான். ஆயினும், தமிழில் 'நுழை' என்ற படியில் நிற்கும் என் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வேண்டியது இந்தக் கதைகளில் இல்லை.

அவன் படித்தது எதை என்று கேட்பீர்கள். சொன்னால் சில பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். சிவகாசி முத்து காமிக்ஸ். 1972-இல் வெளிவந்த 'இரும்புக்கை மாயாவி'யின் மறுபதிப்பு ஒன்றை, என் மகன் காலத்துப் பிரதி, பெட்டியில் தவறுதலாகப் போட்டுவிட்டேன். அது திரும்பி வரவே மூன்று வாரமாயிற்று. கை மாறி மாறிப் போயிருக்கிறது. காமிக்ஸின் தமிழும் பேச்சுத் தமிழ் அல்ல, கதாநாயகர்கள் கொஞ்சம் நியூஸ் மாதிரிதான் பேசுகிறார்கள். ஆனால் ஒரு கட்டத்துக்கு இரண்டு வரி. பொருள் தெரியாவிட்டால் படம் சொல்கிறது. விஷயம் பன்னிரண்டு வயதுக்குரியது, யாரும் பார்த்தால் வெட்கமில்லை. நான் மேலே கேட்ட மூன்றும் அதில் இருக்கிறது. வருத்தம் என்னவென்றால், இன்று முத்து, லயன் வெளியீடுகள் பெரும்பாலும் என்னைப் போன்ற பழைய வாசகர்களை நோக்கி, உயர்ந்த தாளில் உயர்ந்த விலையில் வருகின்றன. பிள்ளை கையில் கசங்கக் கொடுக்க மனம் வருவதில்லை. வாண்டுமாமாவும் (1925–2014) இந்த வித்தை தெரிந்தவர். பூந்தளிரில் அவர் எழுதிய படக்கதைகள் என் பெட்டியில் ஓட்டம் நிற்காதவை. எல்லாமே அட்டை கிழிந்த பிரதிகள்.

அண்மைக் காலத்துச் சிறார் இலக்கியத்தில் விஷயம் விரிந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் வழங்குகிறது. 2020-இல் பரிசு பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', குழந்தைகள்மீது நடக்கும் பாலியல் அத்துமீறலைக் குழந்தையோடு பேசத் துணிந்தது. 2023-இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை வைத்து எழுதப்பட்டது. வீட்டிலேயே பேசத் தயங்குகிற விஷயத்தைப் புத்தகம் பேசுகிறது. இப்படிப்பட்ட கதையை நம் பெண் தமிழில் படித்தால், தமிழ் என்பது பாட்டியோடு பேசுவதற்கும் குறள் ஒப்பிப்பதற்கும் மட்டுமல்ல என்று அவளுக்கே தெரிந்துவிடும். ஆனால் அவளால் படிக்க முடிய வேண்டுமே. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினாலொழிய அவளுக்கு அது எட்டாது.

இங்கே ஒரு பழைய தகராறு வரும். குழந்தைப் புத்தகத்தில் பேச்சுத் தமிழை விடலாமா? எங்கள் சங்கத்தில் இதைப் பற்றி ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். மூத்தவர் ஒருவர், "பேச்சுத் தமிழைப் படிக்கிறதுக்கு எதுக்கய்யா புத்தகம், அதுதான் வீட்டுலயே பேசறோமே" என்றார். இன்னொருவர் கேட்ட கேள்வி இன்னும் கூர்மை: "யாரோட பேச்சு? திருநெல்வேலியா, கோயம்புத்தூரா, தஞ்சாவூரா, பாலக்காடா?" நியாயம்தான். எங்கள் கூடத்தில் வந்து உட்காரும் இருபது பிள்ளைகள் வீட்டில் ஏழெட்டு விதத் தமிழ் இருக்கும். ஒரு வீட்டில் 'வந்துட்டாங்க', ஒரு வீட்டில் 'வந்தாச்சு', ஒரு வீட்டில் 'வந்துட்டா'. ஒன்றை எடுத்தால் மற்றதைத் தள்ளியதாகும்.

இரண்டு பேரும் சொன்னதில் உண்மை இருந்தும் என் கட்சியை நான் விடவில்லை. பெரியவர்களுக்கான கதையில் இந்த வழக்கு எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே தீர்ந்துபோயிற்று. கதை சொல்வது எளிய எழுத்துத் தமிழில், பாத்திரம் பேசுவது பேச்சில் என்று புதுமைப்பித்தன் காலத்திலேயே வழி வகுத்துவிட்டார்கள். பெரியவனுக்குத் தந்த சலுகையைக் குழந்தைக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்? கி. ராஜநாராயணன் 'பிஞ்சுகள்' எழுதியபோது, குழந்தைகளுக்கான கதை என்பதற்காகக் கரிசல் பேச்சை ஒதுக்கி வைக்கவில்லை. அதில் வரும் சிறுவனும் பறவைகளும் முட்டைகளும் அந்த மண்ணின் பேச்சோடு வருவதால்தான் நம்பும்படி இருக்கின்றன. நான் அதை உரக்கப் படித்துக் காட்டியபோது, கோவில்பட்டிப் பக்கத்துக் குடும்பத்துப் பெண் ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க தாத்தா மாதிரியே பேசறாங்க" என்றாள். மற்றப் பிள்ளைகளுக்குப் பாதி புரியவில்லை. அவள் அவர்களுக்கு அர்த்தம் சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு அந்தக் கூடத்தில் அவள்தான் ஆசிரியை. யாருடைய பேச்சு என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான்: எல்லாருடையதும், ஒவ்வொரு புத்தகத்தில் ஒவ்வொன்றாக.

எந்தப் புத்தகம், எந்தத் தமிழ் என்று இவ்வளவு பேசிவிட்டு, யார் தேர்ந்தெடுப்பது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்தும். ஏழைப் பிள்ளைகளுக்கு மூன்று கோடைகள் தொடர்ந்து, கோடைக்குப் பன்னிரண்டு புத்தகம் வீதம் கொடுத்தார்கள். வகுப்பில்லை, தேர்வில்லை, பரிசில்லை. புத்தகத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள், அவை அவர்களுக்கே சொந்தம். அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு மற்றவர்களைவிட முன்னேறியது. நம் பெட்டியில் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது நானும் செயற்குழுவும். வாங்குகிற பணமும் நம்முடையது, ஆசையும் நம்முடையது. காமிக்ஸ் தவறுதலாக விழுந்ததால்தான் பையன்களுக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

விடுமுறைக் கணக்கிலும் ஒரு கோளாறு. நம் பிள்ளைகளுக்குப் பள்ளி மே நடுவில் மூடி ஜூன் கடைசி வரை விடுமுறை. ஹாலிடே ஹோம்வொர்க் என்று ஒரு மூட்டை வேறு. தமிழ்நாட்டில் ஏப்ரலில் மூடி ஜூன் முதல் வாரத்தில் பொதுவாகத் திறந்துவிடுவார்கள். 2180 கிலோமீட்டர், முப்பத்து மூன்று மணி நேரம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போய் இறங்குகிற பிள்ளை, கொஞ்ச நாளிலேயே அத்தை பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவதைப் பார்த்து, தாத்தா வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும். டிவி, செல்போன். பெற்றோர் இதைக் குறையாகவே சொல்வார்கள். எனக்கென்னவோ, தமிழ் வாசிப்புக்கு வருஷத்தில் இதைவிட நல்ல பதினைந்து நாள் கிடையாது. படிக்கத் தெரிந்த தாத்தாவும் பாட்டியும் மத்தியான நேரமும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. நாமோ பெட்டியைத் தில்லியில் வைத்துக்கொண்டு, பிள்ளை ஊருக்குப் போகும் முன்பு புத்தகங்களைத் திருப்பி வாங்கி ஏட்டில் கோடு போட்டுவிடுகிறோம்.

போன கோடையில் முதல் தடவையாக, ஊருக்குப் போகிற பிள்ளைகள் புத்தகத்தையும் எடுத்துப் போகலாம் என்றேன். காணாமல் போனால் யார் பொறுப்பு என்று கணக்குப் பிள்ளை கேட்டார். என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஒரு தாய் திரும்பி வந்து சொன்னார்: இரண்டாம் நாள் விடியற்காலை, கும்மிடிப்பூண்டி வரும் நேரத்துக்குப் பையனை எழுப்பி ஜன்னல் ஓரம் உட்கார வைத்தாராம். முதல் தமிழ்ப் பலகையை யார் முதலில் படிப்பது என்று அவனுக்கும் அப்பாவுக்கும் பந்தயம். வண்டி வேகத்தில் பலகை ஓடிப்போய்விட்டது. "கும்மி... அப்புறம் என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டே சென்னை சென்ட்ரல் வரை வந்தானாம்.

எடுத்துப் போன புத்தகங்களில் நான்கு இன்னும் வரவில்லை. ஒன்று மதுரைப் பக்கத்தில் ஒரு பாட்டியிடம் இருக்கிறது, அவர் படித்து முடித்தபிறகு தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏட்டில் அவற்றுக்கு எதிரே இன்னும் கோடு போடவில்லை.